பஷ்மக் சுருங்கும் ஊர்

"நாப்பது லிட்டர் எதுக்கு?"

"வழியில கிடைக்கலன்னா?"

"நாம போறது கீலானுக்கு. அங்க தண்ணி வானத்துலேருந்து விழுது."

"விழுறத நம்பி எவனாவது குடும்பம் நடத்துவானா?"

"அங்க எல்லாரும் அப்படித்தான் நடத்துறாங்க."

"நான் பார்க்கல."

"பார்க்கத்தானே கூட்டிட்டுப் போறேன்! அடுத்த பெட்ரோல் பங்க்ல அந்தக் கேனையெல்லாம் எறக்கு. கால் வைக்க இடமில்ல."

"கேன் மேலயே கால வெச்சுக்கோ. சில்லுன்னு இருக்கும்."

காரை ஓட்டிய கியூமர்ஸ், பாரசீகப் பாலைவன நகரமான யஸ்தில் பஷ்மக் கடை வைத்திருப்பவன். சர்க்கரைப் பாகை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து, கம்பளி நூலைவிட மெல்லியதாக்கிக் குவித்தால் அதுதான் பஷ்மக். நாக்கில் வைத்ததும் காணாமல் போய்விடும் பஞ்சு மிட்டாய். கேன் மேல் கால் வைத்திருந்த பரஸ்தூ அவன் மனைவி. பாலைவன மணல் ஊருக்குள் வராமல் இருக்க வரிசையாக நட்டு வைத்த புதர்களுக்குத் தண்ணீர் லாரி அனுப்புவது அவள் வேலை. லாரி வராவிட்டாலும் சாகாத ஒரு மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை.

அந்த ஆசைக்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருந்தது. வடக்கே, காஸ்பியன் கடலோரம், அஸாலெம் காட்டில் ஒரு மர நாற்றுப் பண்ணை. அதிகாரி கலந்தரி சனிக்கிழமை காலையில் போன் செய்வார். வருகிறேன் அல்லது வரவில்லை என்று பரஸ்தூ சொல்ல வேண்டும்.

வருகிறேன் என்றால் கியூமர்ஸும் வர வேண்டும், கடையோடு. அவன் எத்தனையோ நாளாக "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போய் அந்தக் காட்டையும் கடலையும் அவன் நேரில் பார்ப்பான். சனிக்கிழமைக்குள் தன் வாயாலேயே பதில் சொல்வான். அதுவரை அவள் கேட்கவே கூடாது. பரஸ்தூ கடைத் தராசின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. அது எந்தப் பக்கம் என்பதில் இன்றுவரை இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

வழியில் மஞ்ஜீல் மலைக்கணவாயில் காற்று கார்க் கதவைப் பிடுங்கப் பார்த்தது. அதைத் தாண்டியதும் மலைகள் பச்சையாயின. கண்ணாடியில் துளிகள் விழுந்தன.

"மழை," என்றான் கியூமர்ஸ், குற்றம் கண்டுபிடித்த போலீஸ்காரனின் குரலில்.

"மழையில்ல, தூத்தல்."

ரஷ்த் நகரம் வந்தபோது துடைப்பான் ஓயாமல் ஆடியது.

"இது?"

"இதுவும் தூத்தல்தான். கொஞ்சம் ஆர்வமா பெய்யுது."

அஸாலெமை ஒட்டிய கீசூம் கடற்கரையில் காடு கடல் வரைக்கும் வந்துவிடுகிறது. கிளைகள் இருபுறமும் கவிந்த பாதையில் போனால், கடைசி மரத்துக்கு அப்புறம் நேரே அலை. இலையுதிர் காலமாதலால் கூட்டமில்லை. ஒரே ஒரு டீக்கடைக் கூடாரம் மட்டும். அதை நடத்துபவள் கௌகப் கானும்; கானும் என்பது 'அம்மா' மாதிரி ஒரு மரியாதைச் சொல். அகலமான தோள், அதைவிட அகலமான சிரிப்பு, அவள் வருவதற்கு முன்னால் வந்துவிடும் பூண்டு வாசனை.

கியூமர்ஸ் கூடாரம் போட மணலுக்கு நடுவே ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தான். அவன் ஊரில் விவரமுள்ள எவனும் அதைத்தான் செய்வான். பள்ளத்தில் புழுதிக்காற்று அடிக்காது.

"தம்பி," என்றாள் கௌகப் கானும், "அது என் வாத்துங்க குளிக்கிற எடம்."

"வாத்துகளுக்குத் தொந்தரவு இல்லேன்னா…"

"அதுங்களுக்கு என்ன தம்பி தொந்தரவு? எடம் உங்களுது. நாங்கதான் விருந்தாளி."

மரியாதைக்குச் சொன்ன வார்த்தை அது. ஒரு பாரசீகனுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டிய பாரசீகனுக்குத் தெரியாது. "ரொம்ப நன்றி," என்று முளை அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

விடிந்து பரஸ்தூ கண் திறந்தபோது, தலையணைக்குப் பக்கத்தில் ஒரு வாத்து மிதந்துகொண்டே அவளைப் பார்த்தது.

"கியூ, எழுந்திரு. ஆள் வந்திருக்காங்க."

"யாரு?"

"வீட்டுக்காரங்க."

தண்ணீர் கேன்களை அடுக்கி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். கீழே கணுக்கால் வரை தண்ணீர், உட்கார்ந்திருப்பதும் தண்ணீர், கூரையிலிருந்து சொட்டுவதும் தண்ணீர். சுற்றி மிதந்த வாத்துகளில் ஏதோ ஒன்றுதான் தன் எதிர்காலத்தைக் கெடுக்கப் போகிறது என்று பரஸ்தூவுக்குத் தோன்றியது. எது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். இடது கண்ணுக்கு மேல் கறுப்புப் புள்ளி உள்ள வாத்து.

மேடான இடத்துக்குக் கூடாரத்தை மாற்ற கௌகப் கானும் உதவினாள். சுட்ட கத்தரிக்காயும் பூண்டும் முட்டையும் போட்டுக் கிளறிய காலைச் சாப்பாட்டையும் கொடுத்தாள். சாப்பிட்ட பின் வெறுங்கையோடு எழுந்திருக்க யஸ்துக்காரனால் முடியுமா? கியூமர்ஸ் காரிலிருந்து ஒரு பெட்டி பஷ்மக் கொண்டுவந்தான். விசேஷத்துக்குப் போடும் முதல் தரம். திறந்ததும் ஆட்டுக்குட்டியின் முதுகு போல வெள்ளையாகப் பொங்கி நின்றது.

"எடுத்துக்குங்க கானும்."

"ஐயோ, வேணாம் தம்பி."

"நீங்க எடுத்துத்தான் ஆகணும்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நீங்க சாப்பிடுங்க."

"நீங்க எடுக்கலன்னா என் மனசு கஷ்டப்படும்."

"உங்க மனசு கஷ்டப்பட நான் விடுவேனா? சரி, ஒரே ஒரு…"

இரண்டு முறை மறுத்து மூன்றாவது முறை கை நீட்டுவதுதானே முறை. அவள் கை நீட்டினாள். பெட்டியில் ஆட்டுக்குட்டி இல்லை. மூலையில் பழுப்பாக, வாதுமைக் கொட்டை அளவில் ஏதோ பளபளத்தது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது என்ன தம்பி, சோப்பா?"

கியூமர்ஸின் முகத்தைப் பரஸ்தூ அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. யஸ்தின் காற்றில் அவன் பஷ்மக் எவ்வளவு மரியாதையையும் தாங்கும். கல்யாண வீடுகளில் ஒருவரை ஒருவர் உபசரித்துச் சாயங்காலம் ஆகிவிடும். பஷ்மக் அப்படியே நிற்கும். இந்த ஊரில் ஈரக் காற்று அதைக் குடித்துவிட்டது.

அவன் அந்தக் கட்டியைப் பெட்டியோடு கார் ஓரம் வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கப் போனான். பொழுது சாய்வதற்குள் ஒரு குள்ளநரி வந்தது. பெட்டியை மோந்தது. கட்டியைக் கவ்வியது. பிறகு அங்கேயே நின்றுவிட்டது. மேல் தாடையும் கீழ் தாடையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அது பரஸ்தூவைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. பந்தியில் உட்கார வைத்து அவமானப்படுத்தப்பட்ட ஒரு பெரிய மனிதரின் வருத்தம்தான் இருந்தது. மெதுவாகத் திரும்பிக் காட்டுக்குள் நடந்தது.

மறுநாள் கௌகப் கானும் சொன்னாள்: "நேத்து நரிக் கூட்டம் ஊளையிட்டுதே, கேட்டீங்களா? நடுவுல ஒண்ணு மட்டும் 'ம்ம்ம்ம்'னுது."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கியூமர்ஸ் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றி, சூட்டுக்காற்றை முழு வேகத்தில் வைத்து, பனியனோடு உட்கார்ந்திருந்தான். மடியில் திறந்த பெட்டி.

"உன் புருஷன் உள்ள என்ன பண்றான் கண்ணு?" என்று கேட்டாள் கௌகப் கானும்.

"யஸ்துல இருக்கார்."

பரஸ்தூ குடையோடு போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"கதவத் திறக்காத!" என்று உள்ளிருந்து கத்தினான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு ஓடியது. மடியில் பஷ்மக் பொங்கி நின்றது.

"அங்க கடல் இருக்கு கியூ."

"இருக்கட்டும், எங்கயும் போயிடாது. இது போயிடும்."

"டீ வேணுமா?"

"எப்படி உள்ள குடுப்ப?"

"கண்ணாடிய ஒரு விரல் அளவு…"

அவன் யோசித்துவிட்டு ஒரு விரல் அளவு இறக்கினான். டீக்காக அல்ல. பெட்டியை அந்த இடைவெளிக்கு நேராகப் பிடித்து, பஷ்மக் ஓரம் சுருங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தான். உடனே ஏற்றினான். மறுபடி இறக்கினான். ஏன் இப்படிச் செய்கிறாய், முடியாது என்று நிரூபிக்கவா, முடியும் என்று பார்க்கவா? கேள்வி பரஸ்தூவின் பல் வரை வந்துவிட்டது. தராசு நினைவுக்கு வந்தது. "டீக்குச் சர்க்கரை எத்தனை கட்டி?" என்று கேட்டாள்.

சாயங்காலம் அவனாகவே இறங்கி வந்தான். காடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், பாசி படர்ந்த ஒரு பெரிய மரத்தின் மேல் கை வைத்தான். அலை அதன் வேர் வரைக்கும் வந்து போனது.

"இதுக்கு யார் லாரி அனுப்புறா?"

"யாரும் இல்ல."

"சும்மாவே வளருதா?"

"சும்மாவே."

"ம்." மரத்தைச் சுற்றி வந்தான். பின்பக்கத்தில் குழாய் ஏதும் இருக்கிறதா என்று பார்த்ததை அவள் கவனித்தாள். மழை வலுத்தது. அவன் ஓடவில்லை. முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்து கொஞ்சம் குடித்தான்.

"நம்ம கேன் தண்ணிய விட நல்லாயிருக்கு," என்றான்.

அவளும் குடையை மடக்கினாள். அதற்குள் அவன் தொடர்ந்தான்: "ஆனா துண்டு காயவே மாட்டேங்குது. போர்வையில காளான் வாசனை. என் பனியன நேத்து வாத்து போட்டுக்கிச்சு."

சனிக்கிழமை காலை மழை நின்றிருந்தது. மரங்கள் மட்டும் மிச்சம் இருந்ததைச் சொட்டிக்கொண்டிருந்தன. பரஸ்தூ தன் கைபேசியை ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, டீக்கடை மேசையில் டீ கொதிக்கும் சமோவர் பக்கத்தில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் கௌகப் கானும் பச்சைப் பூண்டு உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னானா?"

"இல்ல."

"கேட்டியா?"

"கேக்கக் கூடாது."

"எங்க ஊர்ல புருஷன் பதில் சொல்லலன்னா சோறு போட மாட்டோம்."

"எங்க ஊர்ல சமைக்கிறதே அவர்தான் கானும்."

கார்க் கதவு திறந்தது. கியூமர்ஸ் கடைசிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்து, மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு, மணலில் ஓடி வந்தான். முகம் சிவந்திருந்தது. ஏதோ சொல்லத்தான் வருகிறான் என்பது அந்த ஓட்டத்திலேயே தெரிந்தது. பரஸ்தூ எழுந்து நின்றாள். கியூமர்ஸ் நல்ல சேதியானாலும் கெட்ட சேதியானாலும் முதலில் ஓர் இனிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வான். கடையில் கடன் இல்லை என்பதையும் அப்படித்தான் சொல்வான். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்பதையும் அப்படித்தான் கேட்டான்.

மூடியைத் திறந்தான். வெள்ளையாகப் பொங்கியிருந்தது.

"சீக்கிரம் எடுத்துக்கோ. அப்புறம் ஒண்ணு சொல்லணும்."

எடுத்தால் சேதி வந்துவிடும். பரஸ்தூவின் கை பின்னால் போயிற்று.

"நீ முதல்ல சாப்பிடு," என்றாள்.

"ஐயோ, நீ எடு. நேரமில்ல!"

"இல்ல, நீ காலையில ஒண்ணுமே சாப்பிடல."

"பரஸ்தூ! உபசாரத்துக்கெல்லாம் இந்த ஊர்க் காத்து விடாது. எடு!"

"கௌகப் கானும் முதல்ல…"

"எனக்கு எதுக்கு கண்ணு? நீங்க ரெண்டு பேரும்…"

ஆட்டுக்குட்டி அவர்கள் கண் முன்னாலேயே உட்கார்ந்தது, படுத்தது, காணாமல் போனது. பழுப்புக் கட்டி ஒன்று மிஞ்சியது. இம்முறை கோழி முட்டை அளவு. கியூமர்ஸ் ஒரு பெருமூச்சு விட்டான். முதல் தரம் பஷ்மக்கை நரிக்கு இரண்டாவது முறை விட யஸ்துக்காரனுக்கு மனம் வராது. கட்டியை முழுசாக எடுத்து வாயில் போட்டு ஒரே கடி கடித்தான்.

அவன் கண்கள் விரிந்தன. தாடை நின்றது.

"கியூ?"

"ம்ம்ம்ம்," என்றான் கியூமர்ஸ்.

பிளாஸ்டிக் பை நடுங்கியது. உள்ளே கைபேசி அடித்தது. கலந்தரி.

கௌகப் கானும் பையைப் பிரித்துப் பரஸ்தூவின் கையில் திணித்தாள். பரஸ்தூ காதில் வைத்து, "வணக்கம் ஐயா, ஒரு நிமிஷம்… ஒரே நிமிஷம்… நீங்க நல்லா இருக்கீங்களா, வீட்டுல எல்லாரும்?" என்று சொல்லிவிட்டு, போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டாள்.

கியூமர்ஸ் இரண்டு கைகளையும் ஆட்டினான். காட்டைக் காட்டினான். காரைக் காட்டினான். வானத்தைக் காட்டினான். மேலும் கீழும் போய்ப் பக்கவாட்டில் முடிந்தது தலையாட்டல். கறுப்புப் புள்ளி வாத்து அவன் காலடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது.

"சூடா டீ ஊத்துறேன், கொஞ்சம் கொஞ்சமா இளகும்," என்றாள் கௌகப் கானும்.

"அதுவரைக்கும் போன்ல இருக்கவர் காத்திருக்க மாட்டார் கானும்!" பரஸ்தூ கணவனின் இரு கன்னங்களையும் பிடித்தாள். "கியூ, தலைய ஆட்டாத. நீ தலையாட்டுறது எனக்கு என்னிக்குமே புரிஞ்சதில்ல. நான் கேக்கல, சத்தியம் சத்தியம்தான். ஆனா நீ சொல்ல வந்தியே, அந்த ஒரு வார்த்தை, அத மட்டும் சொல்லிடு. தயவுசெஞ்சு வாயத் திற."