இருமாத தொண்டை

பெரியம்மாள் தெருமுனைக்கே ஓடி வந்து சொன்னாள். "இருமல் நின்னே போச்சுங்க மேடம்! மூணு நாளா ஒரு செருமல்கூட கெடையாது."

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்துகொண்டிருந்த ஷாலினி மேரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பெரம்பலூர் மருத்துவமனை ஒன்றில் அவள் பேச்சுப் பயிற்சியாளர். பலகையில் பேச்சு என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அவளிடம் வருகிறவர்களில் பலருக்கு விழுங்குவதில்தான் சிக்கல். இரண்டுக்கும் ஒரே தொண்டைதானே. பெரியம்மாளின் கணவர் சாமிக்கண்ணு சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். போன மாதம் பக்கவாதம் வந்து அங்கே சேர்த்தபோது, ஒரு மிடறு தண்ணீருக்கே கண் பிதுங்க இருமினார். வீட்டுக்கு அனுப்பும்போது ஷாலினி சொல்லியனுப்பினாள்: நிமிர்ந்து உட்கார வையுங்கள், தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கச் சொல்லுங்கள், கெட்டிக் கூழை ஸ்பூனில் கொடுங்கள். தண்ணீர் கொடுத்து இருமினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

இப்போது எப்படி விழுங்குகிறார் என்று பார்க்கத்தான் வந்திருந்தாள். இருமல் இல்லை என்கிறார்கள். அதுதான் அவளை உறுத்தியது.

தொண்டைக்குள் இரண்டு வழிகள். முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், அதன் பின்னால் உணவுக்குழாய். சாப்பிடுவதெல்லாம் மூச்சின் வாசலைத் தாண்டித்தான் தன் வழிக்குப் போயாக வேண்டும். அதனால் ஒவ்வொரு மிடறுக்கும் குரல்வளை மேலே எழும்புகிறது, அதன் மூடி கவிழ்கிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நிற்கிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். அதையும் மீறி ஒரு துளி மூச்சுக்குழாய்க்குள் தப்பினால், இருமல் அதைப் பிடித்து வெளியே தள்ளும். ஆக, இருமல் ஒரு காவல்காரன். காவல்காரன் சத்தம் போடவில்லை என்றால் திருடன் வரவில்லை என்று இருக்கலாம். காவல்காரன் நினைவிழந்து கிடக்கிறான் என்றும் இருக்கலாம். தொண்டை உணர்விழந்தால் துளி தப்புவதே தெரியாது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மறுநாள் திருமழபாடி கோயிலில் சாமிக்கண்ணுவின் தங்கை வெற்றிச்செல்வியின் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சாமிக்கண்ணு முகச்சவரம் செய்து, பந்தல் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க" என்றார். அந்த ஒரு சொல் தண்ணீருக்கடியிலிருந்து குமிழியிட்டு வந்தது போலிருந்தது.

"தண்ணி குடுக்குறீங்களாக்கா?" என்று கேட்டாள் ஷாலினி.

"நீங்கதான சொன்னீங்க, இருமுனா நிறுத்திடுங்கன்னு? இருமலியே, அதான் குடுக்குறோம்" என்றாள் பெரியம்மாள்.

ஷாலினி சொன்னதை அவர்கள் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார்கள்.

"எப்படிக் குடிக்கிறீங்க ஐயா, தண்ணி இல்லாம சும்மா காட்டுங்க."

பழக்கமான கை முந்திக்கொண்டது. அவள் தடுப்பதற்குள், அருகிலிருந்த பாட்டிலை இடக்கையால் தூக்கி, முகத்தை வானத்துக்குக் காட்டி, எட்டத்திலிருந்து வாய்க்குள் ஊற்றினார். ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்தபடி அண்ணாந்து குடித்தே பழகியவர். வாய் வைத்துக் குடிப்பது அவருக்கு எச்சில். இன்னொருத்தர் குடிக்கிற பாட்டிலில் அதைச் செய்யவே மாட்டார்.

"எங்கண்ணனப் பாருங்க! ஒரு சொட்டு சட்டையில விழல" என்று கை தட்டினாள் வெற்றிச்செல்வி.

சட்டையில் விழவில்லைதான். எங்கே விழுந்தது என்பதுதான் கேள்வி. தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சின் வாசல் நன்றாகத் திறந்துகொள்கிறது. தண்ணீரும் தானாக வேகமெடுக்கிறது. நல்ல தொண்டைக்குக் கதவைச் சாத்த நேரமிருக்கும். இந்தத் தொண்டைக்கு இல்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் இருமவில்லை.

ஷாலினி அவர் நெற்றியில் கை வைத்தாள். சுட்டது.

"வெயில்ல உக்காந்திருந்தாரு" என்றாள் பெரியம்மாள் அவசரமாக. அவள் குரலும் இறங்கிவிட்டது.

ஷாலினி பையிலிருந்து எடுத்து அவர் விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு தொண்ணூறுக்குக் கீழே போய், மேலே வர மறுத்தது.

"நுரையீரலுக்குள்ள தண்ணி எறங்கியிருக்கும்னு பயப்படுறேன்க்கா. பெரம்பலூர் வேணாம், தூரம். அரியலூருக்கே போவோம். இப்பவே டாக்டர் பாக்கணும்."

வெற்றிச்செல்வியின் முகம் மாறியது. "இப்பவேன்னா? நாளைக்கு எம்மவன யார் மடியில உக்கார வைக்கிறது? முடிஞ்ச கையோட நாங்களே கூட்டிட்டு வரோம். அண்ணன் நல்லாத்தான இருக்காரு?"

"நல்லாத்தான்..." என்று ஆரம்பித்த சாமிக்கண்ணு, மூச்சுக்காக நிறுத்தினார்.

ஷாலினி போனை எடுத்தாள். மருத்துவமனையை விட்டுக் கிளம்பிய அன்று அவரை 'ஆ' சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருந்தாள். அதைப் போட்டாள். பலவீனமான குரல், ஆனால் தெளிவாக இருந்தது.

"இப்ப சொல்லுங்க ஐயா."

சொன்னார். அதையும் பதிந்து அவர் காதருகே பிடித்தாள். குரல் களகளவென்று ஓடி அறுந்தது.

குரல்நாண்களின் மேல் நீர் தேங்கினால் இப்படித்தான் கேட்கும் என்று அவள் விளக்க வாயெடுத்தாள். அதற்குள் அவரே கையை உயர்த்தினார்.

"இது..." என்றார். "எஞ்சினுக்குள்ள... தண்ணி பூந்த சத்தம்மா."

ஷாலினி போனைக் கீழே இறக்கினாள்.

"அப்படி வண்டியை ஓட்டுவீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார்.

வெற்றிச்செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "காது என்ன, எங்கயாவது ஓடியா போயிடப்போவுது? அடுத்த மாசம் குத்திக்கலாம். அண்ணி, நின்னுட்டே இருக்காதீங்க, காரு வரச் சொல்லுங்க. வூட்டப் பூட்ட நான் இருக்கேன்."

கார் அரியலூர் சாலையில் லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்தது. முன்னிருக்கையில் பெரியம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தாள். பின்னால் சாமிக்கண்ணு கண்ணயர, தலை மெல்லப் பின்னால் சரிந்தது. ஷாலினி அதை நிமிர்த்தித் தன் தோளில் முட்டுக்கொடுத்தாள்.

"தண்ணியத்தான் நிறுத்திட்டமே மேடம், இனிமே ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று கேட்டாள் பெரியம்மாள்.

தண்ணீரை நிறுத்தலாம். வாயில் ஊறுகிற எச்சிலை யாரால் நிறுத்த முடியும்? விழித்திருந்தாலும் தூங்கினாலும் அது ஊறிக்கொண்டேதான் இருக்கும். அதுவும் அதே வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஷாலினி அவர் குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்தாள். அசைவில்லை. முன்னால் போன லாரி நின்றது. கார் நின்றது.

எச்சிலை விழுங்க, விரலடியில் குரல்வளை மெல்ல எழும்பி இறங்கியது. தாமதமாக, பாதி உயரத்துக்கு.

"லாரிங்கள முந்திப் போக முடியுமா பாருங்க" என்றாள் டிரைவரிடம். விரலை எடுக்கவில்லை.