வட்டக் கோயிலும் ஜொஹராவின் மாப்பிள்ளையும்

சுல்தான் பீவிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் காரைக்காலில் காக்கைகூட யோசித்துத்தான் கரையும். பால்காரர், தண்ணீர் கலக்காத பாலைக் கொண்டுவந்த அன்றைக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார். இந்த அம்மாளைப் பிரெஞ்சு சர்க்கார் எல்லையில் உட்கார வைத்திருந்தால் கடத்தல் என்ற வார்த்தையே அகராதியிலிருந்து ஓடிப்போயிருக்கும் என்று அவள் கணவர் முகைதீன் பிச்சையே சொல்லியிருக்கிறார். தன் கயிற்றுக் கடையில் உட்கார்ந்து சொன்னார். வீட்டில் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், அந்தச் சுல்தான் பீவிக்குத் தன் ஒரே மகள் ஜொஹராவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. குடியா? இல்லை. சீட்டா? இல்லை. ஒரு கிறிஸ்தவக் கோயிலால் வந்த சந்தேகம். அந்தக் கோயிலும் பக்கத்தில் இல்லை. ஏழு கடல் தாண்டி டென்மார்க்கில் இருந்தது.

மாப்பிள்ளை சேக் பரீது கப்பல்காரன். பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறியவன், டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தீவில் கருங்கல் ஏற்றும்போது காலை முறித்துக்கொண்டான். கப்பல் அவனை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஒரு குளிர்காலம், ஒரு கோடைகாலம் அங்கேயே கழித்துவிட்டு ஊர் திரும்பினான். சைகோனுக்குப் போய் வந்தவர்கள் சைகோன் கடைத்தெருவைப் பற்றிச் சொல்வார்கள், ரங்கூனுக்குப் போனவர்கள் ரங்கூன் சாப்பாட்டைச் சொல்வார்கள். இவன் வாயைத் திறந்தால் கோயில்தான்.

மாமனார் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்; திரைக்குப் பின்னால் சுல்தான் பீவியின் காது முறமாக விரிந்துவிடும்.

"எண்ணூறு வருஷத்துக் கோயிலு மாமா. மூலையே கெடையாது. நம்ம குரும்பகரத்துல நெல்லுக் குதிரு வச்சிருப்பாங்கள்ல, அந்த மாதிரி உருண்டையா, வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு அடிச்சு, தலையில கூம்பா ஒரு குல்லா."

"மூலை இல்லாட்டி எப்படிப்பா கூட்டிப் பெருக்குவாங்க?" என்று கேட்டார் முகைதீன் பிச்சை. கடைக்காரர் கவலை கடைக்காரருக்கு.

"சுத்திச் சுத்தித்தான் மாமா. செவரு என்னா கனம்ங்கறீங்க! ரெண்டு பேரு நெடுக்கப் படுத்தாலும் மிச்சம் இருக்கும். கடல்கொள்ளைக்காரன் வந்தா ஊரே மேல் மாடிக்கு ஏறி ஒளிஞ்சுக்குமாம். மேலேருந்து கல்லை உருட்டி வுடுவாங்களாம்."

"தொழுவுற எடத்துலேருந்தா?"

"உசுரு போவுதுல்ல மாமா! நடுவுல ஒரே ஒரு தூணு, நம்ம கூடம் அகலத்துக்கு. அது பூரா படம். இடையில அவங்க மார்க்கத்துக்குள்ளயே வேற கட்சி வந்து, படமெல்லாம் வேணாம்னு சுண்ணாம்பு அடிச்சு மறைச்சுட்டாங்க. ரொம்ப காலம் கழிச்சு ஒருத்தரு சொரண்டிப் பாத்திருக்காரு. உள்ளேருந்து ஒலகம் முடியுற கியாமத்து நாளே வந்துருச்சு! கப்ருக்குழியைத் தொறந்துகிட்டு ஆளுங்க எந்திரிச்சு வர்ற மாதிரி வரைஞ்சிருக்கு. கூரையிலேருந்து ஒரு கப்பல் தொங்குது மாமா, பாய்மரம் கயிறு எல்லாத்தோடயும், சின்னதா. புயல்ல தப்பிச்ச மாலுமிங்க நேர்ந்துகிட்டுச் செஞ்சு தொங்கவுட்டது. அதைப் பாக்க எங்கெங்கேருந்தோ சைக்கிள்ல வந்து எறங்குறாங்க. ஒருநா பாக்காட்டி அவங்களுக்குச் சோறு எறங்காது போலருக்கு."

முகைதீன் பிச்சைக்கு வாய் மூடவில்லை. ஒரு ஈ உள்ளே போய்க் கியாமத்து நாள் வரை கேட்டுவிட்டு வெளியே வந்தது.

திரை மட்டும் அசையாமல் நின்றது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "அங்க எங்கே தங்கியிருந்தாருன்னு கேளுங்க."

"கோயில் சாவி வச்சிருந்த கெழவி வீட்லதான் மாமி," என்றான் சேக் பரீது, சூது தெரியாதவன். "அவங்களும் அவங்க மவளும் மட்டுந்தான். சும்மா சாப்ட்டுக்கிட்டு இருக்க முடியுமா? வெறகு பொளந்து போட்டேன். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிச்சப்ப ஏணியைப் புடிச்சுக்கிட்டேன்."

அவ்வளவுதான். திரை ஒருமுறை ஆடியது, பாய்மரம் காற்றை வாங்கியதுபோல.

காரைக்காலில் இவர்கள் தெருவில் பெண் கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே, பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் ஒரு வாலிபன் தங்கி, சாப்பிட்டு, விறகு பிளந்து, சுண்ணாம்படிப்புக்கு முன்னால் நிற்கிறான் என்றால் அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு என்பது சுல்தான் பீவியின் முடிவு. வாடகைக்குக் குடியிருப்பவன், விருந்தாளி என்பதெல்லாம் ஆண்கள் தப்பித்துக்கொள்ளச் சொல்லும் பேச்சு. ஒரு வீட்டில் மாப்பிள்ளையாக இருந்தவன் இந்த வீட்டுக்கு வந்தால், அடுத்த கப்பலில் பழைய வீட்டுக்குப் போகமாட்டான் என்பது என்ன நிச்சயம்? அப்புறம் ஜொஹரா கடற்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"அந்தக் கோயில்ல வச்சுத்தான் கட்டியிருக்கான்," என்றாள் அன்றைக்கே, பக்கத்து வீட்டு மத்லேனிடம். "இல்லாட்டி ஒரு முஸ்லிம் புள்ளைக்கு அந்தத் தூணு, செவரு, கூரையெல்லாம் எதுக்கு இம்புட்டு மனப்பாடம்? கம்பளியில காலுறை வேற போட்டிருக்கான். கையால பின்னினது. யாரு பின்னுனா?"

மத்லேன் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். சண்டை எங்கே நடந்தாலும் அங்கேயும் தவறாமல் போகிறவள். "காலுறையா!" என்று மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "அப்படின்னா கல்யாணம் ஆயிருச்சு பீவி. இந்த வெயில்ல கம்பளி போடணும்னா ஆச இருக்கணும்."

உள்ளறையிலிருந்த ஜொஹரா பொறுக்கமாட்டாமல் வெளியே வந்தாள். "பொய் சொன்னா பொய்யன்ங்குறீங்க. உண்மையைச் சொன்னா கள்ளன்ங்குறீங்க. பேசாம எனக்கு ஒரு ஊமையாப் பாத்திருக்கலாம்ல உம்மா?"

"ஊமையா இருந்தா அவன் என்னத்த மறைக்கிறான்னு பாக்கணும்டி," என்றாள் சுல்தான் பீவி.

தரங்கம்பாடியில் ஒரு டேனிஷ்கார அம்மாள் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இங்கர் அம்மா என்று பெயர். மத்லேன் துப்புக் கொடுத்தாள். மறுநாளே ஒற்றை மாட்டு வண்டியில் திரையைக் கட்டிக்கொண்டு இருவரும் வடக்கே புறப்பட்டார்கள். அப்போது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி. தரங்கம்பாடியில் இந்தியக் கொடி. நடுவே சுங்கச்சாவடி. அங்கே இருந்த சேவகர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "என்னா கொண்டு போறீங்க?" என்று அதட்டினார்.

"சந்தேகந்தான் கொண்டு போறோம்," என்றாள் மத்லேன். "அதுக்குத் தீர்வை உண்டாங்க?"

சேவகர் வைக்கோலைக் கிளறினார், சோற்று மூட்டையை அவிழ்த்தார், மாட்டின் காதுக்குள்கூடப் பார்த்தார். சுல்தான் பீவிக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. உலகத்தில் தன்னைப்போல இன்னொரு ஆள் இருக்கிறானே!

இங்கர் அம்மா தமிழை வேதபுத்தகத்திலிருந்து கற்றவள். இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் விளக்கேற்றியதுபோல ஆயிற்று. "அந்த வட்டமான ஆலயமா? மெய்யாகவே உண்டு! எங்கள் தேசத்துப் பிள்ளைகள் கோடைகாலத்தில் சைக்கிளில் அங்கே போவார்கள். நானும் சிறுபெண்ணாகப் போனேன். மாடியில் ஒளிந்தது மெய். தூணின் சித்திரம் மெய். கப்பல் தொங்குகிறதும் மெய்."

ஒவ்வொரு 'மெய்'யும் சுல்தான் பீவியின் நெஞ்சில் ஒரு ஆணியாக இறங்கியது. பொய்யாக இருந்திருந்தால் கப்பல்காரன் அளப்பு என்று விட்டுவிடலாம். இத்தனையும் நிஜமாமே!

"அங்க ஒருத்தர் வீட்ல தங்குனா அவரு மாப்பிள்ளைதானே?" என்று கேட்டாள்.

"அல்லவே! எங்கள் ஊரில் தங்குகிறவன் தங்குகிறவன்தான்."

தன் ஊர்ப் பெண்ணை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் என்று சுல்தான் பீவி மத்லேனின் விலாவில் இடித்தாள். "சரி, கல்யாணம்னா அந்தக் கோயில்ல எந்த எடத்துல நடக்கும்?"

"பீடத்துக்கு முன்பாக. வாசலில் நின்றால் அது தெரியாது. அந்தப் பெரிய தூண் மறைக்கும். சுற்றிக்கொண்டு போகவேண்டும். அங்கே பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. கறுத்த மரப்பலகையில் ஆண்டவரின் பன்னிரண்டு சீஷர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவருக்கு மூக்கு உடைந்துபோயிற்று." இங்கர் அம்மா சிரித்தாள். "மணவாளன் முழங்காலில் நிற்கையில் அந்த மூக்கு அவன் கண்ணுக்கு நேராக இருக்கும். சிரிக்காத மணவாளன் இல்லை என்று அந்தத் தீவில் சொல்வார்கள். அங்கே விவாகமானவன் தன் பெண்சாதியை மறந்தாலும் அந்த மூக்கை மறக்கமாட்டான்."

திரும்பும் வழியெல்லாம் சுல்தான் பீவி பேசவில்லை. மாடுகூடப் பயந்து வேகமாக நடந்தது. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருடி. நாளைக்கு அவரு வர்றாரு. பீடத்துல என்னா இருக்குன்னு கேப்பேன். மூக்கு ஒடைஞ்ச ஆளைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சோ, அங்க போயி முட்டி போட்டிருக்காருன்னு அர்த்தம். பேச்சு அதோட முறிஞ்சுச்சு. நீ அழுவக் கூடாது."

"வராட்டி?"

"வராட்டி அப்புறம் பேசிக்குவோம்."

மறுநாள் மாலை. திரைக்குப் பின்னால் மூன்று பெண்கள். ஜொஹரா தன் முந்தானை நுனியைத் திருகித் திருகி அதைக் கயிறாகவே ஆக்கிவிட்டாள். வாப்பா கடையில் வைத்தால் தோணி கட்டலாம். சேக் பரீது வந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான். முகைதீன் பிச்சை, மனைவி சொல்லிக் கொடுத்தபடி, ஒப்பிப்பதுபோலக் கேட்டார். "அந்தக் கோயில்ல, பீடம்னு ஒண்ணு இருக்குமாமே தம்பி. அது எப்படி இருக்கும்?"

சேக் பரீதின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாகக் கோயிலைப் பற்றிக் கேட்டும் அவன் பேசவில்லை.

"பாத்தியா!" என்று மத்லேன் கிசுகிசுத்தாள். "தொண்டை அடைக்கிது."

"பீடமா மாமா..." அவன் நீட்டிய காலைத் தடவிக்கொண்டான். "அங்க... ஒரு ஆளு..."

ஜொஹரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு ஆளு ஒசரத்துக்குத் தங்கத்துல சிம்மாசனம் மாமா!"

சுல்தான் பீவி தலையை நிமிர்த்தினாள்.

"சுத்தி வெள்ளிக் கம்பி. மேல பட்டுக் குடை. ரெண்டு பக்கமும் மயிலு, தோகையை விரிச்சு..." ஊரெல்லாம் உட்கார்த்தி வைத்துக் கேட்ட கதை. இதில் மட்டும் தெரியாது என்று எப்படிச் சொல்வது? வேகம் பிடித்துவிட்டான். "கண்ணாடி வெளக்கு ஆயிரம் இருக்கும் மாமா, கண்ணு கூசும்!"

சுல்தான் பீவிக்கு இன்னும் ஒரு சொட்டுச் சந்தேகம் பாக்கி இருந்தது. கணவர் வழியாகக் கேட்பதையெல்லாம் விட்டுவிட்டு, திரையைத் தாண்டி நேரடியாகவே கேட்டாள். "செலை எதுவும் உண்டா? அதுங்களுக்கு மூக்கு எப்படி?"

"மூக்கா மாமி?" அவன் ஒரு கணம் திகைத்தான். "எல்லாத்துக்கும் எடுப்பான மூக்கு மாமி! ஒவ்வொரு மூக்குலயும் வைரம்!"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சுல்தான் பீவி சிரித்ததை அந்தத் தெரு பார்த்தே வெகுகாலம் ஆயிற்று. கருக்களாச்சேரியில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் இடி என்று நினைத்து வலையைச் சுருட்டினார்களாம்.

"அந்தப் பீடத்துப் பக்கமே நீங்க போனதில்லை. நெசந்தானே?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "தரங்கம்பாடில விசாரிச்சுட்டுத்தான் கேக்குறேன்."

சேக் பரீது காலை மடக்கித் தலை குனிந்தான். "இல்ல மாமி. கெழவி என்னை வாசல் அறையிலதான் உக்கார வச்சுது. வர்றவங்க சைக்கிளு, மழைக்கோட்டு, நாயி எல்லாத்துக்கும் காவலு. கதவு தொறந்திருக்கும். தூணு தெரியும், கப்பல் தெரியும். அதுக்கு அங்குட்டு என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. மத்ததெல்லாம் வந்தவங்களுக்குக் கெழவி சொல்லச் சொல்லக் கேட்டது."

"அந்த மவ?"

"அது தபால்காரரைக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு மாமி. அந்தக் கல்யாணத்துக்கும் நான் வெளியதான். அன்னிக்கின்னு பாத்து அம்புட்டு சைக்கிளு."

"காலுறை?"

"கெழவி பின்னுனது. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

மத்லேன் ஏமாந்துபோய் எழுந்தாள். நல்ல சண்டை ஒன்று கையை விட்டு நழுவிய துக்கம் அவளுக்கு. ஜொஹரா எங்கே என்று பார்த்தால் சமையலறையில் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலேயே தேத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

முகைதீன் பிச்சைக்கு மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. திரைக்குள் தலையை நீட்டி, "என்னா சுல்தானு இது?" என்று முணுமுணுத்தார். "உண்மை பேசுன வரைக்கும் வேணாம்னே. இப்ப வாய் கூசாமப் புளுகியிருக்கான். சிரிக்கிறே!"

"எம்புட்டு மோசமாப் புளுகுறாரு, கேட்டீங்கள்ல?" என்றாள் சுல்தான் பீவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவரை வெளிய வுட்டா ஊரு வித்துப்புடும். சுருக்கா நிக்காஹ்வை முடிச்சு வீட்டுக்குள்ள கொண்டாங்க."