அணைக்கக் கூடாத வண்டி

“சூடு காட்டுற ஊசி முக்காலைத் தாண்டிட்டா என்ன செய்வீங்க?”

“ஹீட்டரைத் திறந்து விடுவேன்.”

“அதுக்கும் அடங்கலைன்னா?”

“சக்களத்தி காலில விழுவேன். நீ உள்ள போ, கூப்பிட்டுடப் போறாங்க.”

அவள் போகவில்லை. காருக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கணவனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக்சிலேட்டரின் மேல் அந்தக் கால், தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல, லேசாக அழுத்தி லேசாக விட்டுக்கொண்டிருந்தது. அழுத்தம் குறைந்தால் எஞ்சின் இருமும். எடுத்துவிட்டால் நின்றுபோகும். சூடேறிய எஞ்சின் ஒரு தடவை நின்றுவிட்டால், முழுக்க ஆறும்வரை யார் சொல்லியும் கேட்காது. அவனுடைய வலது கை மாவுக்கட்டோடு மடியில் கிடந்தது. அதன்மேல் யாரோ ஒரு ரொட்டிக்கடைக்காரர் ‘சீக்கிரம் வா’ என்று பேனாவால் எழுதியிருந்தார்.

சக்களத்தி என்பது காருக்கு அவள் வைத்த பெயர். வாங்கிய நாளிலிருந்து புருஷனின் ஞாயிற்றுக்கிழமைகளை அது எடுத்துக்கொண்டுவிட்டது. அவன் சட்டைகளில் கிரீஸ் படாத ஒன்றுகூட வீட்டில் இல்லை. மெக்கானிக் ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது விழித்துக்கொள்ளும். அந்த மெக்கானிக் வீட்டு மாடியே நம்ம வண்டியாலதான் எழும்பியது என்று அவள் தம்பி சொல்லுவான். ஆனால் விடியுமுன் பேக்கரியிலிருந்து ரொட்டிகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாய் இறக்கி வருவதும் அதே காரில்தான். வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

கையை உடைத்ததும் அதுதான். பானெட்டைத் தாங்கும் கம்பி முறிந்து வெகுநாளாகிவிட்டது. துடைப்பக் கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து வேலை பார்ப்பது வழக்கம். கட்டை வழுக்கிவிட்டது.

அன்றிலிருந்து தம்பி விடுப்பு எடுத்து வந்து ஓட்டினான். இன்று காலையோடு அவன் விடுப்பு முடிந்தது. கடைசி ரொட்டியை இறக்கிவிட்டு, ஓடும் எஞ்சினோடு ஸ்டியரிங்கை அக்காவிடம் விட்டுவிட்டு, பஸ் நிலையத்தில் இறங்கிக்கொண்டான். பேக்கரி முதலாளி கெட்டவர் இல்லை. ஆனாலும் தெளிவாகச் சொல்லியிருந்தார். நாளைக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லையென்றால், வாசலில் காத்திருக்கும் இன்னொரு வண்டிக்காரருக்கு அந்த வேலை போய்விடும். மாவுக்கட்டு பிரிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

ஆகவே இன்று அவள் தேர்ச்சி பெற வேண்டும். நாளைக்கு என்று ஒன்று இல்லை.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

லைசென்ஸ் அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் தேர்வாளரை முசுடு என்று அழைத்தார்கள். ஆயுசு முழுக்க லாரி ஓட்டிய ஒருவரையே முசுடு திருப்பி அனுப்பியதாகக் கேள்வி. ஒல்லியான மனிதர், கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். போன தடவை அவள் தன் காரிலேயே தேர்வுக்கு வந்திருந்தாள். அவர் கதவைத் திறக்க முயன்றபோது கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது வண்டி இல்லம்மா, வழக்கு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அடுத்த முறை அலுவலக வண்டியில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும், வேறு வண்டியில் தேர்வு கிடையாது என்றும் சொல்லியிருந்தார்.

அலுவலக வண்டி வெள்ளையாக, புதிதாக நின்றது. உள்ளே எந்த வாசனையும் இல்லை. அவள் உட்கார்ந்து, இருக்கையை இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருப்பினாள். எதுவும் நடக்கவில்லை. சத்தமில்லை, அதிர்வு இல்லை, இருமல் இல்லை. முதல் தடவையில் எந்த வண்டி எடுத்திருக்கிறது? அவள் மறுபடி திருப்பினாள். பல்லோடு பல் உரசுவதுபோல ஒரு அலறல் எழுந்தது.

ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்றார் தேர்வாளர். மடியிலிருந்த தாளில் ஏதோ குறித்தார்.

வெளிவாசலைத் தாண்டும்போது, மதிலோரம் நின்ற சக்களத்தியை ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்தக் கரகரப்பு ஒரே சீராகக் கேட்டது. ஊசி பாதிக்குச் சற்று மேலே இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்தே அவளால் சொல்ல முடிந்தது.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் கணவன். கற்றுக்கொடுத்தது அந்தக் காரில். பிரேக்கை முதல் தடவை மிதித்தால் தரைவரை போகும். இரண்டாவது மிதியில் யோசிக்கும். மூன்றாவதில்தான் பிடிக்கும். அதனால் நிற்க வேண்டிய இடத்தை எப்போதோ பார்த்து வைத்துவிட வேண்டும். இரண்டாவது கியர், கையை எடுத்தால் துள்ளி வெளியே வந்துவிடும். மூன்றாவதுக்குப் போகும்வரை அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வலப்பக்கம் திரும்பினால் இடக் கதவு தானாகத் திறக்கும். அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளக் கயிறு உண்டு. இவையெல்லாம் ஒரு காரின் கோளாறுகள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எது கோளாறு, எது ஓட்டுவது என்று அவள் கைகளுக்கும் கால்களுக்கும் யாரும் பிரித்துச் சொல்லித்தரவில்லை.

முதல் சந்திப்பில் விளக்கு சிவப்பாக இருந்தது. அவள் தூரத்திலேயே, வழக்கம்போல, முதல் மிதியை முழுக்க மிதித்தாள்.

வண்டி ஆணியடித்ததுபோல நின்றது. தேர்வாளரின் தாள்கள் பறந்து முன்கண்ணாடியில் மோதி விழுந்தன. சீட் பெல்ட் அவரைப் பிடித்து இருக்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. பின்னால் யாரோ நீளமாக ஹாரன் அடித்தார்கள். விளக்கு இன்னும் நாலு வீடு தள்ளி இருந்தது.

அவர் குனிந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். போகலாம் என்று மட்டும் சொன்னார்.

இனி மெதுவாக மிதிக்க வேண்டும், மெதுவாக, மெதுவாக என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். காலைப் பற்றி நினைத்தபோது கையை மறந்தாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும் என்றார் அவர். எடுத்து வைத்தாள். அடுத்த தெருவில் குனிந்து பார்த்தால் இடது கை மறுபடி கியரின் கழுத்தைப் பிடித்திருந்தது, கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கும் தாயைப்போல. அவர் அந்தக் கையைப் பார்த்தார். தாளில் குறித்தார்.

வலப்பக்கம் திரும்பச் சொன்னார். திரும்புகையில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“கதவைப் பிடிச்சுக்கோங்க.”

அவர் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான், ஏன் பிடித்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை போலிருந்தது. தன் கையைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மெல்ல எடுத்து மடியில் வைத்தார். அவள் காதுகள் சுட்டன.

நேரம் போய்க்கொண்டிருந்தது. எந்தத் தெருவில் திரும்பினாலும் அவளுக்குள் அந்த ஊசியும் கூடவே வந்தது. இந்நேரம் முக்காலைத் தொட்டிருக்கும். கணவன் ஹீட்டரைத் திறந்திருப்பான். வெயிலில், ஜன்னல்களை இறக்கிவிட்டு, முகத்தில் சுடுகாற்று அடிக்க உட்கார்ந்திருப்பான். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சமாவது தன் பக்கம் வாங்கிக்கொள்ள அது ஒன்றுதான் வழி.

கடைத்தெரு குறுகலாக இருந்தது. இடப்பக்கம் ஒரு லாரி நின்றது. எதிரே யாருமில்லை, தெரு காலியாக இருந்தது. அவள் காலை பிரேக்குக்கு மாற்றினாள். லேசாகத் தொட்டாள், விட்டாள், தொட்டாள். வண்டி விக்கல் வந்ததுபோல இரண்டு தடவை குலுங்கி, லாரிக்கு நன்றாகப் பின்னால் நின்றுவிட்டது.

“ஏன் நிறுத்தினீங்க?” என்றார்.

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் லாரியின் முன்பக்கத்திலிருந்து ஒரு ஏணியின் முனை நீண்டது. ஏணி வந்துகொண்டே இருந்தது. தெருவின் பாதிவரை வந்த பிறகுதான், அதைத் தோளில் சுமந்த பெயிண்டர் வந்தார். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பீடியைக் கடித்தபடி கடந்து போனார். ஏணியின் பின்முனை அவர்கள் முன்கண்ணாடியின் உயரத்தில் ஆடிக்கொண்டே போயிற்று.

“லாரிக்கு அடியில கால் தெரிஞ்சுது சார். நடந்துட்டிருந்துச்சு.”

அவர் பேனா தாளைத் தொடவில்லை. எதையோ எழுதப் போய், எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாதவர்போல இருந்தார். லாரிக்கு அடியிலெல்லாம் பார்த்து ஓட்ட யார் சொல்லிக்கொடுத்தது என்று கொஞ்சம் கழித்துக் கேட்டார். யாரும் சொல்லவில்லை, எங்கள் வண்டி நிற்பதற்கு நேரம் எடுக்கும், அதனால் முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்றாள். சொன்ன பிறகு, பிரேக் இல்லாத காரை ஓட்டுவதாக ஒப்புக்கொண்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவள் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் ஒட்டிவைத்ததுபோலப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அலுவலக முற்றத்தில் வெள்ளைக் கோடு போட்ட கட்டங்கள் இருந்தன. விரும்பிய கட்டத்தில் நிறுத்தச் சொன்னார். வாசலருகே ஏழெட்டு காலியாக இருந்தன. அவள் அவற்றையெல்லாம் தாண்டிப் போய்க் கடைசிக் கட்டத்தில், தரை சரியும் இடத்தில், முகம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினாள். கோட்டை ஒரு பக்கமும் தொடவில்லை. அந்த ஒன்று மட்டும் அழகாக அமைந்தது.

“இவ்வளவு தூரம் நான் நடக்கணுமா?”

“சரிவுல இருந்தாத்தான் சார், எடுக்கலைன்னா உருட்டி விடலாம்.”

அவர் பெருமூச்சுவிட்டார். வண்டியை அணைக்கச் சொன்னார்.

அவள் கை சாவியைத் தொட்டது. திருப்ப வரவில்லை. வாரக்கணக்கில் ஒரே ஒரு சொல்தான் அவள் காதில் ஓதப்பட்டிருந்தது: அணைக்காதே. என்ன நடந்தாலும் அணைக்காதே. வீடு வந்து சேரும்வரை அணைக்காதே. விரல்கள் சாவியின் மேலேயே நின்றன. அவர் இன்னொரு தடவை சொன்னார், இந்த முறை கொஞ்சம் மெதுவாக. அவள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள்.

முற்றம் நிசப்தமாகியது. அந்த நிசப்தத்தில் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சக்களத்தியின் சத்தம் கேட்டது.

சத்தம் மாறியிருந்தது. சீரான கரகரப்பு போய்விட்டது. மூச்சை இழுத்து இழுத்து விட்டது. நடுநடுவே கணவன் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்து அதைத் திரும்பக் கூட்டிவந்தான். ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வர முன்னைவிட நேரம் எடுத்தது. மதிலின் மேல் வெள்ளையாக ஒரு ஆவி எழுந்து கலைந்தது.

தேர்வாளர் தாளை மடியில் நிமிர்த்தி வைத்தார். அதில் அவர் குறித்தவை பக்கத்திலிருந்து பார்க்கவே நிறைய தெரிந்தன. கீழே முடிவு எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பேனா மூடியைக் கழற்றியபடி, வருத்தமாகவே, அவர் சொன்னார்: “நீங்க ஓட்டினது இந்த வண்டியை இல்லம்மா. நான் வேற ஏதோ வண்டியில உக்காந்து போயிட்டு வந்தேன்.”

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. தம்பி ஏறிய பஸ் இந்நேரம் பாதி வழி போயிருக்கும். நாளை விடியுமுன் பேக்கரியின் பின்வாசலில் சூடான ரொட்டித் தட்டுகளை வேறு யாரோ தூக்கி வேறு ஏதோ வண்டியில் வைப்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் எஞ்சின் ஒரு தடவை முழுசாகவே நின்றதுபோல இருந்தது. அவளுக்கும் மூச்சு நின்றது. பிறகு எங்கிருந்தோ, கிணற்றின் ஆழத்திலிருந்து வருவதுபோல, மறுபடி பிடித்துக்கொண்டது.

பேனாவின் முனை காலி இடத்துக்கு இறங்கியது. அவள் கையை நீட்டினாள். தாளைத் தொடவில்லை, அதன்மேல் நிழல் விழும் அளவுக்கு மட்டும் நீட்டினாள்.

“சார், விதியில இடம் கிடையாதுன்னு தெரியும். எங்க வண்டியில ஒரே ஒரு சுத்து என் பக்கத்துல உக்காந்து வாங்க. கயித்தை நீங்க பிடிச்சுக்கிட்டாப் போதும், மத்ததை நான் பாத்துக்குறேன். அது நிக்குறதுக்குள்ள வாங்க சார்.”