பிப்ரவரி மாதத்துத் தாசோஸ்

பயண ஏஜென்சிப் பெண் காட்டிய படத்தில் கடல் அத்தனை நீலமாக இருந்தது. அதுவே விதோமிருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆயுசு முழுக்க டயர் தொழிற்சாலையில் கறுப்புப் புகைக்குள் நின்றவர் அவர். சாயம் ஏறிய எதையும் நம்பமாட்டார்.

"திங்கட்கிழமைக்குள்ள முன்பணம் கட்டிடுங்க. இல்லாட்டி ரூம் வேற ஆளுக்குப் போயிடும்" என்றாள் அந்தப் பெண்.

இப்படி அவசரப்படுத்துகிறவர்களையும் அவர் நம்பமாட்டார். என்றாலும் விளம்பரத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி வீட்டுக்கு வந்தார். எல்லாம் மனைவி தெசாங்காவுக்காகத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கண் மூடுவதற்குள் ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை டப்பாவில் சேர்த்த யூரோவை மேசையில் பரப்பினார். வரும் கோடைக்கு, எல்லை தாண்டித் தாசோஸ் தீவில் சமையல் வசதியோடு ஓர் அறை, ஏழு இரவு, பெட்ரோல், காரை ஏற்றிப்போகும் கப்பல். அதோடு பணம் தீர்ந்தது. சாப்பாட்டுக்கு எதுவும் நிற்கவில்லை.

"அதனால என்ன? சாப்பாடு நம்ம கார் டிக்கியில வரும்" என்றார்.

அவர்கள் ஊரான பிரோட்டில் அது புதிதில்லை. இங்கே யார் கடலுக்குப் போனாலும் சமையலறையைப் பெயர்த்துக் காரில் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். சுட்ட மிளகாய் விழுது ஜாடி ஜாடியாக, உருளைக்கிழங்கு ஒரு மூட்டை, காப்பித்தூள், பாட்டிலை உருட்டி உருட்டித் தட்டையாக்கிய சாசேஜ். எல்லையில் இறைச்சியைப் பிடுங்கிக்கொள்வார்கள்தான்.

"ஸ்டெப்னி டயருக்குள்ள வெச்சிடுவேன். டயர் செஞ்ச கையிடி இது."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுப் பிளாகோயே சிரித்தான். "பிரோட்காரன் கரைக்கு வந்துட்டான்னா மீனெல்லாம் நடுக்கடலுக்கு ஓடிடுமாம், எங்க நம்ம தீனியையும் பிடுங்கிடுவானோன்னு!"

"நீ மூடுடா. போன வருஷம் ஓட்டல் சோப்பத் தூக்கிட்டு வந்தவன்தானே நீ."

ஆனால் விதோமிர் தன் கணக்கையும் நம்பவில்லை. காகிதத்தில் கூட்டினால் எல்லாம் சரியாகத்தான் வரும். காகிதத்துக்கு வயிறா இருக்கிறது? அதனால் ஓர் ஒத்திகை பார்ப்பதென்று முடிவு செய்தார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வீடுதான் தாசோஸ். டிக்கியில் ஏற்றப்போவதை மட்டும் தின்பது. கடைக்குப் போகக்கூடாது, பிளாகோயே வீட்டுக் காப்பியும் கூடாது.

"பைத்தியம் முத்திப்போச்சு" என்றாள் தெசாங்கா. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. பெட்டியைக் குடைந்து கோடை காலத்துப் பூப்போட்ட கவுனை எடுத்துக் கம்பளிக்கு மேல் மாட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அடுப்பில் விறகைத் திணித்து வீட்டைச் சூடாக்கினார். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, வெந்நீர்த் தொட்டியில் ஒரு பிடி உப்பைக் கரைத்துக் கால்களை உள்ளே விட்டார். வெளியே நிஷாவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் பாப்ளார் மரங்கள் முங்கின, அப்புறம் பாலம், அப்புறம் சர்ச் கோபுரம். எதிர்க் குன்றின் தலை மட்டும் வெள்ளைக்கு மேலே தனியாக மிதந்தது.

தீவு!

பனி மெதுவாகப் புரண்டு வேலிவரை வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. மிளகாய் மணமும் விறகுச் சூடும் கண்ணைச் செருக வைத்தன. காக்கை ஒன்று கத்தியது; கடற்பறவை என்று வைத்துக்கொண்டார். நாற்காலி லேசாக ஆடுவதுபோல் இருந்தது, கப்பல் கிளம்பிவிட்டதுபோல்.

"தெசாங்கா! ஓடி வா, கடல் வந்திருக்கு!"

"வெங்காயம் கருகிடும்யா. எனக்கும் சேத்து நீயே பாரு."

அவர் பார்த்தார். சனிக்கிழமையும் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் கத்தி ஓடும் சத்தமும் தட்டு கழுவும் சத்தமும் அலைபோல வந்துகொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தில் அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடித்துத் தட்டை நீட்டியபடி, "இன்னைக்கு அலை ஜாஸ்தி" என்றார்.

"அப்பிடியா? என்ன நெறம்?"

"ஏன், நீ பாக்கலியா?"

"என் தீவுல சுவருதான்யா தெரியுது."

கோபமாகச் சொல்லவில்லை. ஈரக் கையைக் கவுனில் துடைத்துக்கொண்டே சொன்னாள். விதோமிர் தொட்டியிலிருந்து காலை எடுத்து, சொட்டச் சொட்ட நடந்துபோய் அவள் நின்ற இடத்தில் நின்றார். எண்ணெய்க் கறை. ஓர் ஆணி. ஆணியில் போன வருஷத்துக் காலண்டர்.

சட்டைப் பையிலிருந்த விளம்பரத் தாளை விரித்துக் கண்ணருகே பிடித்தார். நீலம், நீலம், நீலம்; மூலையில் தீப்பெட்டி அளவுக்கு அறையின் படம். அதில் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி. அவற்றின் எதிரே சுவர்.

"பாத்தியாடி? நான் சொல்லல? இத அந்த ஏஜென்சிக்காரி காட்டவே இல்ல!"

"நீ கேக்கலியே."

அவர் மேசையில் யூரோவை மறுபடி பரப்பினார். வெகுநேரம் முனகினார், நகர்த்தினார், யாரையோ திட்டினார்.

"ஏழு ராத்திரி வேணாம், மூணு போதும். அடுப்பு இல்லாத ரூம். மிச்சக் காசுக்குத் தண்ணியோரக் கடையில உக்காந்து தின்னுவோம். நீ கடலப் பாத்து உக்காரு. நான் சுவத்தப் பாத்துக்கறேன்."

தெசாங்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "கடைச் சாப்பாடா? நீயா? யோவ், காச்சல் கீச்சல் அடிக்குதா?" என்று அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"போய் உக்காருடி, பனி கலையறதுக்குள்ள."

அவள் போய் உட்கார்ந்தாள். ஆறிப்போன உப்புத் தண்ணீரில் காலை விட்டுச் சிணுங்கினாள். விதோமிர் தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். குன்றின் தலை இன்னும் மிதந்துகொண்டிருந்தது. அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது.

திங்கட்கிழமை காலை முன்பணம் கட்டப் போகும் வழியில் காரின் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரை ஒரு முறை தட்டிப் பார்த்தார். ஒரே ஒரு சாசேஜ் தாராளமாக அடங்கும். தண்ணியோரக் கடைக்காரன் எப்படிப்பட்டவனோ, யார் கண்டது?