ராஜாங்கத்தின் தூக்கம்

பால்வாடி திறக்கிற நேரத்தில் வெயில் முதுகில் ஏறியிருக்கும். பண்ருட்டி சாலையில் இருக்கிற முந்திரிக் கொட்டகையில் வேலை இருட்டோடு தொடங்கிவிடும். நடுவில் பிள்ளையை எங்கே போடுவது? தானே புயலில் தோப்புகள் வேரோடு சாய்ந்தபிறகு, சொந்தமாக முந்திரிக்காடு வைத்திருந்த வீட்டுப் பெண்களும் கூலிக்குக் கொட்டை உடைக்கத்தான் போனார்கள். கைப்பிள்ளைக்காரிகள் கொட்டகை வாசல் புளியமரத்தில் சேலையால் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டார்கள்.

சரிதாவும் அப்படிக் கட்டியவள்தான். அவள் மகன் தவழப் பழகியதும் உடைத்த முந்திரித் தோட்டுக் குவியலுக்குள் போய் உட்கார்ந்தான். தோட்டெண்ணெய் பட்டு இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் உரிந்தது. அன்றோடு வேலையை விட்டாள். இனி இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் மரத்தடியில் கிடக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீடு தேடினாள்.

வீடு கொடுத்தவர் ராஜாங்கம். சரிதா இருந்த அதே காலனிக்காரர். நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் ஆனதும் தளம் போட்ட மெத்தை வீடு கட்டிக்கொண்டு, ஒட்டியிருந்த பழைய ஓட்டு வீட்டைப் பூட்டி வைத்திருந்தார். சாவியைக் கொடுத்தபோது ஒன்றே ஒன்று சொன்னார். நைட் ஷிப்டு வாரத்தில் பகலில்தான் தூங்குவார், அப்போது சத்தம் கூடாது.

“கரி ஓடுற பெல்ட்டுகிட்ட நிக்கறவன் தூங்காம போனான்னா, வேலை முடிஞ்சி ஆளு வருவான். கை வராது. பாத்துக்கம்மா.”

சரிதா தலையாட்டினாள். கூடமாட வேலைக்குச் சேர்ந்த சாமியம்மாள்தான் திறப்புக்கு நாள் பார்த்தாள். நல்ல நாள் பார்த்தவள் ஷிப்டு பார்க்கவில்லை. திறந்த அன்றைக்குத்தான் ராஜாங்கத்துக்கு நைட் ஷிப்டு வாரம் தொடங்கியிருந்தது.

அவரவர் பிள்ளைக்கு அவரவர் சேலை கொண்டுவந்து ஏணை கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அதில்தான் வினை வந்தது. ஊர்த்தெருவிலிருந்து காந்திமதி வந்தாள். காலனி வீட்டில் பிள்ளையை விடுவதா என்று அவள் மாமியார் குதித்ததற்கு, அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆனாலும் காலனிச் சேலைகளுக்குப் பக்கத்தில் தன் சேலை தொங்கப்போகிறது என்ற நினைப்பில் கல்யாணப் பட்டுச்சேலையை எடுத்துவந்தாள். ஊர்த்தெருக்காரி முன்னால் மட்டம் ஆகிவிடக் கூடாது என்று காலனிப் பெண்களும் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்தார்கள். ஒன்றில் கடைச்சீட்டுக்கூட கிழிக்கப்படவில்லை. வீடெல்லாம் அந்துருண்டை நாற்றம். தமிழ்மொழி மட்டும் நேரமாகிவிட்டதென்று, ராத்திரி கட்டிப் படுத்த பால்கறைச் சேலையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தாள். மற்றவர்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

தாய்மார் போனதும் பிள்ளைகள் அலறத் தொடங்கின. ஆட்டினால் அலறின, தூக்கினால் அலறின, பால் கொடுத்தால் துப்பிவிட்டு அலறின. காந்திமதியின் மகள் இசைப்பிரியா பட்டில் வழுக்கி வழுக்கி எழுந்து, மூச்சு நின்று போகிற மாதிரி கத்தினாள். உச்சி வேளையில் ராஜாங்கம் கைலியோடு வாசலில் வந்து நின்றார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

“இன்னிக்கி போவட்டும். நாளைக்கும் இப்டின்னா சாவியெ குடுத்துடும்மா. கோவத்துல சொல்லல.”

அவர் கோபப்பட்டிருந்தால் சரிதா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். சாவி போனால் இந்த ஊரில் வேறு வீடு கிடைக்காது. மறுபடியும் புளியமரம்தான். அவள் சுவரில் சாய்ந்து, தொங்குகிற ஏணைகளைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள். இத்தனை கூச்சலிலும் தமிழ்மொழியின் மகன் நெடுமாறன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

அருகில் போய் அந்தச் சேலையை முகர்ந்தாள். பால், வேர்வை, அடுப்புப் புகை. நிமிர்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். சாமியம்மாள் பயந்துபோனாள்.

மாலையில் வந்தவர்களிடம், நாளைக்கு யாரும் நல்ல சேலை கொண்டுவரக் கூடாது, ராத்திரி கட்டியிருந்ததைத் துவைக்காமல் கொண்டுவர வேண்டும் என்றாள். கொட்டகையில் கட்டுகிற சேலை வேண்டவே வேண்டாம், தோட்டெண்ணெய் பட்டுப் பிள்ளைக்கு வெந்துவிடும் என்றும் சொன்னாள். காந்திமதிக்கு முகம் சுருங்கியது.

“அழுக்குத் துணியெ நாலு பேரு பாக்க தொங்கவுட்டா, எங்க மாமியாரு இன்னா சொல்லுவாங்க தெரியுமா?”

“அதுல உங்க மாமியாரா தூங்கப் போறாங்கக்கா?”

காந்திமதியே சிரித்துவிட்டாள்.

மறுநாள் திருட்டுச் சாமான் போலச் சேலைகள் வந்தன. ஒருத்தி கட்டைப்பையில், ஒருத்தி கக்கத்தில். விட்டத்தில் கட்டிப் பார்த்தபோது வண்ணான்துறை மாதிரி இருந்தது. மஞ்சள் கறை, குழம்புக் கறை, காந்திமதியுடையதில் இவ்வளவு பெரிய ஓட்டை. ஓட்டையை எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தியும் முந்தானைக்குள் சிரிக்கவில்லை.

இசைப்பிரியா ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு முதலில் தூங்கினாள். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் அடங்கின. சரிதாவும் சாமியம்மாளும் கையசைப்பிலேயே பேசிக்கொண்டார்கள். சோறு வடிக்கிற தட்டைக்கூடத் துணி சுற்றித்தான் வைத்தார்கள்.

உச்சி வேளைக்கு ராஜாங்கம் மறுபடியும் வந்து நின்றார். சரிதா நுனிக்காலில் வாசலுக்கு ஓடினாள். தூக்கம் வரவில்லையா மாமா என்று ரகசியமாகக் கேட்டாள்.

“எங்க வரும்? ஒரு சத்தமும் காணம். புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிப்போச்சான்னு பாக்க வந்தேன்.”

தலையை உள்ளே நீட்டி ஓட்டைச் சேலையையும் அதிலிருந்து நீண்டிருந்த விரலையும் பார்த்தவர், மைன்ஸ் இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டையில் கடகடவென்று சிரித்தார். நெடுமாறன் விழித்தான். அவன் அழ, பக்கத்து ஏணை அழ, வீடே கிளம்பியது.

ராஜாங்கம் திருதிருவென்று விழித்தார். “நாந்தான எழுப்பிட்டேன்” என்று முனகிக்கொண்டே நெடுமாறனின் ஏணைக்குக் கீழே உட்கார்ந்து ஆட்டத் தொடங்கினார். சரிதா இன்னொரு ஏணையை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அதையும் மறு கையால் ஆட்டினார்.

“இந்த வாரம் எப்டியோ ஓட்டிக்கலாம். அடுத்த வாரம் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு. பகல்ல நான் இருக்கமாட்டேன். ஆச தீர கத்தட்டும்மா.”

சரிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாள் பார்த்த சாமியம்மாளின் தோளில் ஒரு அடி வைத்தாள். அழுகை மெல்ல அடங்கியது. திரும்பிப் பார்த்தபோது ராஜாங்கம் சுவரில் தலை சாய்த்து, இரண்டு ஏணையையும் பிடித்தபடியே உறங்கிவிட்டிருந்தார். அவர் குறட்டைக்கு ஒரு பிள்ளையும் விழிக்கவில்லை.