நடுவில் வருவது யாருக்கு?

"ஐயோ, மறுபடியும் பொண்ணு பார்க்க உட்கார்ந்துட்டாங்கப்பா!"

தோயாமாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த கம்பெனி ஆட்களில் ஹமாயாவுக்குத்தான் தொண்டை பெரிது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். இருவருக்கும் நடுவே வரும் ஷட்டிலை நீங்க எடுங்க, இல்ல நீ எடு என்று பார்த்துக்கொண்டே தரையில் விழவிட்டால், பேட்மின்டன் ஆட்டக்காரர்கள் அதைப் பெண் பார்க்கும் படலம் என்றுதான் கேலி செய்வார்கள்.

சினாமி சட்டென்று திரும்பி இடுப்பை வளைத்தாள். "மன்னிச்சிடுங்க, சென்பாய்."

தன்னைவிட மூத்த ஆண், கம்பெனியிலும் சீனியர். ஜோடியாக ஆடும் தாதெனோ ஷோகோவை அவள் வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

டோக்கியோவில், தேசியப் போட்டியின் கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டம். ஆளுக்கொரு செட் ஆகியிருந்தது. மூன்றாவது செட் கைநழுவிக்கொண்டிருந்தது.

இசுருகி சினாமி பதினெட்டு வயதில் அந்த மீன் கேக் கம்பெனியின் அணிக்கு வந்தவள். காலையில் பேக்கிங் பிரிவில் லேபிள் ஒட்டுவாள், மதியத்துக்கு மேல் பயிற்சி. முதலில் பெண்கள் இரட்டையர்தான் ஆடினாள். ஜோடிக்காரி முழங்கால் போய் விலகினாள். அதே சமயம் ஷோகோவின் பழைய ஜோடிக்காரி கல்யாணமாகிப் போய்விட, கோச் முரோய் மிச்சமிருந்த இருவரையும் சேர்த்துவிட்டார். மலேசியாவில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினார்கள். டென்மார்க்கில் காலிறுதி. போன வருடம் இதே இறுதி ஆட்டத்தில் தோல்வி. பத்திரிகைகள் 'தாதெனோ ஜோடி' என்றே எழுதின. இசுருகி என்ற பெயர் கடைசி வரியில் வந்தால் பெரிது.

போன வாரம் முரோய் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"ஜெயிச்சா ரெண்டு பேருமே நேஷனல் டீம். தோத்தா, ஏப்ரல்லேர்ந்து ஷோகோகூட புதுசா சேர்ந்த ஒகினாவா பொண்ணு ஆடுவா. உனக்கும் இருபத்தேழாச்சு. பேக்கிங்ல சூப்பர்வைசர் வேலை காலியா இருக்கு, தெரியுமில்ல?"

நல்ல வேலைதான். ஆனால் ராக்கெட் பிடிக்கிற வேலை இல்லையே!

எதிரணியில், குமமோத்தோ ஊரிலிருந்து வந்த பெண் சர்வீஸ் போட நகர்ந்தாள். போகிற போக்கில் தன் ஜோடியிடம் வாய்க்கு முன்னால் கையை வைத்து முணுமுணுத்தது சினாமியின் காதில் தெளிவாக விழுந்தது.

"நடுவுலயே போடு. சீனியர் இருக்கற வரைக்கும் அவ தொடமாட்டா."

அடுத்த ஷட்டில் நடுவில்தான் வந்தது. சினாமியின் ராக்கெட் அரை அடி நீண்டது, பழக்கதோஷத்தில் பின்வாங்கியது. பின்னாலிருந்து ஷோகோ பாய்ந்தார். அவர் எடுத்தது வலையில் மோதியது. அதற்கடுத்ததும் நடுவில். ஷோகோவுக்கு மூச்சு வாங்கியது. மூன்று செட்டும் இரண்டு ஆள் வேலையை ஒருவரே செய்தால் வாங்காதா?

ஆறுக்குப் பதினொன்று. இடைவேளை.

முரோய் ஓடி வந்தார். "ஷோகோ, நடுவுல சீக்கிரமா..."

"நடுவுல வர்றது எல்லாம் எனக்கு," என்றாள் சினாமி.

முரோய் வாயை மூட மறந்தார். ஷோகோ தண்ணீர் பாட்டிலை இறக்கினார்.

"என்ன சொன்னே?"

"நீங்க தொடாதீங்க, சென்பாய். பின்னாடி உயரமா வர்றதை மட்டும் பாருங்க."

"யார்கிட்ட பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரியும். தோத்தா, ஏப்ரல்ல நீங்க வேற ஒருத்தியோட ஆடுவீங்க. நான் எங்க ஆடறது?"

ஷோகோ அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். துண்டை எறிந்தார். கோர்ட்டுக்குள் நடந்தார்.

முதல் ஷட்டில் நடுவில் வந்தது. சினாமி பாய்ந்தாள். பழக்கம் விடாமல் ஷோகோவும் பாய்ந்தார். தோளும் தோளும் மோதி, அவள் குப்புற விழுந்தாள். பாயின்ட் போயிற்று.

"இப்ப கல்யாணமே ஆயிடுச்சுப்பா!" என்றான் ஹமாயா.

சினாமி எழுந்தாள். முதுகு தானாகவே வளையப் பார்த்தது. வளையவிடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஷோகோவை நேராகப் பார்த்து, "அது என்னோடது" என்றாள்.

ஷோகோ இரண்டடி பின்னால் போய் நின்றார்.

அந்த இரண்டடி போதுமாக இருந்தது. மறுபடி நடுவில் வந்ததை சினாமி வலைக்கு மேலேயே வெட்டினாள். அடுத்ததையும் வெட்டினாள். குமமோத்தோ பெண் முகத்தைச் சுளித்தாள், மறுபடி நடுவில்தான் போட்டாள், மறுபடி அடி வாங்கினாள். நம்பி வந்த ஒரே வழி அடைபட்டதும் அவர்கள் ஷட்டிலை உயரத் தூக்க ஆரம்பித்தார்கள். இளைப்பாறி நின்ற ஷோகோவுக்கு அதுதானே வேண்டும்? அவருடைய ஸ்மாஷ் ஒவ்வொன்றும் தரையில் வெடித்தது.

"இன்னொண்ணு தூக்குங்கடா பார்ப்போம்!" என்று அவரே கத்தினார். ஜோடி சேர்ந்த நாலு வருடத்தில் அவர் கோர்ட்டில் கத்தி யாரும் கேட்டதில்லை.

பதினாறில் சமன். பதினெட்டில் மறுபடி சமன். கம்பெனி ஆட்கள் எழுந்து நின்று, கையிலிருந்த பிளாஸ்டிக் குழல்களை உடையும்வரை தட்டினார்கள்.

இருபதுக்குப் பதினெட்டு, ஜெயிக்க இன்னும் ஒரே பாயின்ட். எதிராளி முழு பலத்தோடு அடித்த ஷட்டில் சினாமியின் தலைக்கு மேலே சீறியது. ஷோகோ அதற்காகக் கையை ஓங்கிவிட்டார்.

"விடு!" என்று அலறினாள் சினாமி.

அரங்கம் முழுக்கக் கேட்டது. ஷோகோ கை ஓங்கியபடியே சிலையாக நின்றார். சினாமி பின்னோக்கி எகிறி, விழுந்துகொண்டே அடித்தாள். ஷட்டில் எதிராளிகள் இருவருக்கும் நடுவே பாய்ந்து தரையைத் தொட்டது.

விழுந்து கிடந்தபடியே ராக்கெட்டை எறிந்துவிட்டு, இரண்டு முஷ்டிகளையும் உயர்த்தி, நுரையீரலில் இருந்ததையெல்லாம் கொட்டிக் கத்தினாள் சினாமி. ஷோகோ ஓடி வந்து அவளைத் தூக்கி நிறுத்தினார்.

"இசுருகி! இசுருகி!" என்று கூட்டம் முழங்கியது.

முரோய் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஏப்ரல்லயும் நீங்க ரெண்டு பேருமே ஜோடி. என்ன சொல்ற, சினாமி?"

சினாமி தரையில் கிடந்த ராக்கெட்டை எடுத்து, தூசி தட்டினாள்.

"யோசிச்சுச் சொல்றேன், கோச். நல்ல ஆளா யாராவது கிடைக்கறாங்களான்னு முதல்ல பார்க்கணும்."

ஷோகோவின் முகம் வெளுத்தது. "ஏய், இசுருகி..."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஷோகோ அசடு வழிந்தார். சிரிப்பு அடங்காமலே பரிசு மேடையின் உச்சிப்படிக்கு முதலில் ஏறினாள் சினாமி.