வாசல் நாற்காலி

வெள்ளைத் துணியின் நடுமடிப்பு மட்டும் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மூத்தவள் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தேய்த்தாள். சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள். எத்தனையோ கல்யாண உடுப்புகளின் கசங்கலை எடுத்த கை. இன்றைக்குக் கையில் இருந்தது வேலை இல்லை, கோபம்.

அப்பா பக்கத்து அறையில் பெட்டிக்குள் கிடந்தார். நேற்றுக் காலை மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்த மனுஷன். அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

துணி மாதா கோவிலுக்குச் சொந்தமானது. சவப்பெட்டி வாசலுக்கு வந்ததும் சாமியார் தீர்த்தம் தெளிப்பார், வீட்டு ஆட்கள் அந்தத் துணியைப் போர்த்துவார்கள். ஞானஸ்நானத்தன்று குழந்தைக்குப் போட்ட வெள்ளை உடுப்பின் நினைவு அது. பணக்காரனுக்கும் பரதேசிக்கும் ஒரே துணி. பெட்டியின் மேல் வேறு எது கிடந்தாலும், மாலையோ கொடியோ, வாசலிலேயே எடுத்துவிட வேண்டும் என்பது முறை.

தம்பிக்கு அந்த முறை நடக்கவில்லை. அவன் பட்டாளத்தில் லாரி ஓட்டினான். சண்டையும் இல்லை, எல்லையும் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிப் போன லாரி மலைச்சரிவில் பிரேக் பிடிக்காமல் உருண்டது. "பிரேக் சரியில்லப்பா, சொன்னா யாரும் காதுல போட்டுக்க மாட்டேங்கிறாங்க" என்று முந்தின வாரம் ஃபோனில் சொன்னவன், கொடி போர்த்திய பெட்டியில் வந்து சேர்ந்தான். அப்போதிருந்த சாமியார் வெள்ளைத் துணியோடு வாசலில் நின்றார். கொடியை எடுக்கலாமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஒரு பக்கம் உடுப்புப் போட்ட அதிகாரிகள், மறுபக்கம் கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைத் தலைவர். "கொடியோடவே போகட்டும், அதுதான் மரியாதை" என்று தலைவர் சொல்ல, பெட்டி கொடியோடேயே உள்ளே போனது. வெள்ளைத் துணியை யாரோ அம்மாவின் மடியில் வைத்தார்கள். பூசை முடிகிறவரை அவள் அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். அடுத்த மாதமே தலைவர் கோவிலுக்குள் பீடத்துக்குப் பக்கத்தில் ஆளுயரக் கம்பத்தில் ஒரு தேசியக் கொடியை நிறுத்தி, கீழே தம்பி பேரைப் போட்டு 'வீரமைந்தன்' என்று பித்தளைத் தகடும் அடித்தார். ஒலிபெருக்கிக் கடை வைத்திருப்பவர். மைக் கையில் கிடைத்தால் விடமாட்டார் என்பதால் கோவிலுக்கு வருகிற எல்லாருக்கும் அவர் 'மைக்'தான். அன்றைக்கும் விடவில்லை. கிறிஸ்தவர்கள் என்று நம்மை வேற்றாளாகப் பார்க்கிறவர்கள் இனி வாயைத் திறக்க மாட்டார்கள் என்று முழங்கினார். தம்பி செத்தது அவருக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

அந்த முழக்கத்தின் நடுவே எழுந்து வெளியே வந்தவர்தான் அப்பா. வீட்டிலிருந்து ஒரு மடக்கு இரும்பு நாற்காலியைக் கொண்டுபோய்க் கோவில் முகப்பில் போட்டார். அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் பூசை பார்த்தது அங்கிருந்துதான். மழைச் சாரலில் நனைவாரே தவிர உள்ளே காலெடுத்து வைக்கமாட்டார். நற்கருணை அப்பம் கொடுக்கச் சாமியார்தான் வாசல்வரை நடக்க வேண்டும். புதிதாக வந்த இளம் சாமியார் ஒருநாள் தயங்கித் தயங்கிப் பேச்சுக் கொடுத்தபோது, "நீங்களும் நானும் ஒரே தொழில்தான் ஃபாதர், ஆளுங்களை மேல அனுப்புறது" என்றார் அப்பா. "என்ன ஒண்ணு, என் லிஃப்டை வருஷா வருஷம் ஒருத்தன் வந்து சோதிப்பான்."

"ஏம்ப்பா, ஒரு கொடித் துணிக்காகவா இவ்வளவும்?" என்று மூத்தவள் கேட்டிருக்கிறாள்.

"துணி மேல எனக்கென்ன கோவம்? பள்ளிக்கூடத்துல நிக்கட்டும், ஆபீஸ்ல நிக்கட்டும், நானே சலாம் போடுறேன். சாமிக்குப் பக்கத்துல அதுக்கு என்ன வேலை? பிரேக்கை மாத்தாதவன் எல்லாம் அதுக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு நிக்கிறான். அது அங்க நிக்கிற வரைக்கும் என் பொணம்கூட உள்ள போகக்கூடாது. நீதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தாள். அன்றைக்குப் பேச்சுக்குச் சொன்னது, இன்றைக்குக் கழுத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. துணியை மடிக்காமல் கதவின் மேல் தொங்கவிட்டுவிட்டுக் கோவில் அலுவலகத்துக்கு நடந்தாள்.

"ஒரு மணி நேரம் அந்தக் கொடியை எடுத்து உள்ளறையில வைங்க ஃபாதர். அடக்கம் முடிஞ்சதும் என்னமோ பண்ணிக்கோங்க."

இளம் சாமியார் நெற்றியைத் தடவினார். "எனக்கும் அது அங்க இருக்கிறது சரியாப் படலம்மா. பீடத்துக்கிட்ட எந்த நாட்டுக் கொடியும் நிக்க வேண்டியதில்ல. ஆனா..."

அவருக்கு எல்லா நல்ல வாக்கியமும் 'ஆனா'வில்தான் முடியும். மீதியை எதிர் நாற்காலியில் இருந்த மைக் முடித்துவைத்தார். "வச்சதை எடுக்கிறதுன்னா சும்மாவா? எவனாவது ஒரு படம் எடுத்துப் போட்டான்னா, ஏன் எடுத்தேன்னு கேக்க நாளைக்கே ஆள் வரும். காலம் கெட்டுக் கிடக்கும்மா."

"வைக்கும்போது ஏன் வச்சேன்னு எவனும் கேக்கலையே?"

"நாமளும் இந்த நாட்டு ஆளுங்கதான்னு காட்ட வேண்டாமா?"

"எங்க வீட்டுல ஒரு ஆளையே குடுத்திருக்கோம். அதுக்கு மேல என்னத்தைக் காட்டணும்? உங்க பையன் எந்தப் பட்டாளத்துல இருக்கான்?"

மைக்கின் பையன் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் சௌகரியமாக இருந்தான். அவர் முகம் சுருங்கியது. "உங்கப்பா பிடிவாதக்காரர். சரி, விடு. செத்தவருக்கு என்ன தெரியப்போகுது?"

மேசைமேல் காகிதத்துக்குக் கனமாக வைத்திருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து எறிந்துவிடலாமா என்று அவள் கை ஒரு கணம் துறுதுறுத்தது. "எனக்குத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. "போய்ச் சண்டை போட்டுட்டு வந்தியாக்கும்?"

"அப்பா சொன்னதைக் கேட்டேன். அவ்வளவுதான்."

"அவர் சொல்லுவார். இத்தனை வருஷமா பூசையில திரும்பித் திரும்பி வாசலைப் பாத்தே என் கழுத்து போச்சு. இன்னிக்காவது என் பக்கத்துல இருக்கட்டும். உள்ள கொண்டு வா."

"அது அங்க நிக்குதேம்மா."

"நின்னா நிக்கட்டும். அங்கதானடி என் பிள்ளை பேரு இருக்கு. வேற எங்க இருக்கு, சொல்லு?"

சனிக்கிழமைதோறும் அம்மாதான் கம்பத்தைத் துடைத்துத் தகட்டைத் துலக்குவாள். ஒருமுறை பெருக்குவதற்காகக் கம்பத்தைக் கழற்றித் தரையில் படுக்க வைத்துவிட்டாள். மைக் ஓடிவந்து, "கீழ படக்கூடாதும்மா! கையிலயே பிடிச்சுக்கணும், தெரியாதா?" என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார். அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். பெற்ற பிள்ளையைக் கொடுத்தவள், கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள்! நினைத்தால் மூத்தவளுக்கு இன்றைக்கும் வயிறு எரியும். அப்பா மேலும் எரிச்சல்தான். ஒரே பிள்ளைக்கு ஒருத்தர் உள்ளேயும் ஒருத்தர் வெளியேயும் உட்கார்ந்து துக்கம் காத்தார்கள். நடுவில் கிடந்து அல்லாடியது இவள்.

பெட்டியைத் தூக்க அப்பாவோடு வேலை பார்த்த லிஃப்ட்காரர்கள் வந்தார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் பெட்டியை நிமிர்த்தவும் முடியாமல் சாய்க்கவும் முடியாமல் திணறினார்கள். "ஊருக்கே லிஃப்ட் விட்டாரு, அண்ணனுக்கு ஒண்ணு இல்லாமப் போச்சே" என்றார் ஒருவர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

கோவில் முகப்பில் நாற்காலி அதன் இடத்திலேயே இருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். தூக்கியவர்கள் பெட்டியை இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பிடிக்க, மூத்தவளும் அம்மாவும் ஆளுக்கொரு முனை பிடித்து வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். நடுமடிப்பு இன்னும் லேசாகத் தெரிந்தது.

"உள்ள வாங்க" என்றார் சாமியார்.

"வேண்டாம். இங்கயே இறக்குங்க. பூசையும் இங்கயே ஆகட்டும்" என்றாள் மூத்தவள்.

தூக்கியவர்கள் கையில் கனத்தோடு நின்றுவிட்டார்கள். கூட்டம் முணுமுணுத்தது. "அடியே, மானத்தை வாங்காத" என்று அம்மா அவள் கையைக் கிள்ளினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைக் வந்தார். குரலைத் தணித்தார், அவர் தணித்தாலும் தெருமுனைக்குக் கேட்கும். "எதுக்கும்மா வம்பு? வீரனைப் பெத்த அப்பா இவரு. இந்தத் துணிக்குப் பதிலா கொடியையே போர்த்தி ஜம்முன்னு கொண்டு போயிடுவோம். ஆபீஸ்ல புதுசா இன்னொண்ணு இருக்கு."

சொல்லிக்கொண்டே வெள்ளைத் துணியின் ஓரத்தைப் பிடித்து மடக்கப் பார்த்தார்.

"கையை எடுங்க."

சொன்னது மூத்தவள் இல்லை, அம்மா.

"இல்லம்மா, ஒரு மரியாதைக்கு..."

"என் பிள்ளைக்கு இதைப் போட விடல. மடிச்சு என் மடியில குடுத்தீங்க. புத்தி கெட்டு வச்சுகிட்டு உக்காந்திருந்தேன். இப்ப இவருக்குப் போட்டதையும் உருவப் பாக்கிறீங்களா? எடுங்கய்யா கையை!"

அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது மூத்தவளுக்கே தெரியாது. மைக் கையை எடுத்தார். அம்மா கூட்டத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். பெஞ்சுகளுக்கு நடுவே நேராக நடந்து, பீடத்துக்குப் பக்கத்தில் குனிந்து, கொடிக்கம்பத் தாங்கியின் திருகாணியைத் தளர்த்தினாள். சனிக்கிழமை சனிக்கிழமை பழகிய கை. கம்பத்தை உருவி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். உதவிக்கு ஓடிய மகளை, "தள்ளுடி" என்றாள். வாசலுக்கு வந்து கம்பத்தை மைக்கின் கைகளில் வைத்தாள்.

"பிடிங்க. கீழ படக்கூடாது. கையிலயே பிடிச்சுக்கணும். தெரியும்ல?"

மைக் கம்பத்தோடு உள்ளே ஓர் எட்டு வைத்தார்.

"நீங்க அங்கயே நில்லுங்க" என்றார் சாமியார்.

எல்லாரும் சற்றுக் காத்திருந்தார்கள். 'ஆனா' வரவில்லை.

பெட்டி உள்ளே போனது. அம்மா முதல் பெஞ்சில் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, துணியின் ஓரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். பீடத்துக்குப் பக்கத்தில் காலித் தாங்கியும் தம்பியின் பேரும் மட்டும் நின்றன. பூசை முழுக்க அம்மாவின் கழுத்து வாசல் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

மூத்தவள்தான் திரும்பிப் பார்த்தாள். மைக் முகப்பில் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். தெரு வழியாக அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். எவனாவது படம் எடுத்துவிட்டால்? கீழே வைக்கலாம், அத்தனை பேரும் பார்க்கிறார்களே. பக்கத்திலேயே அப்பாவின் நாற்காலி இருந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு உட்காரக்கூடாது என்று ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவரும் அவரே. நின்றார். பூசையை அப்பா பார்த்த இடத்திலிருந்தே பார்த்தார்.

பெட்டி வெளியே வந்தபோது வெயில் முகப்புக்குள் பாதிவரை ஏறியிருந்தது. மைக்கின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "யாராவது கொஞ்சம் வாங்கிக்கோங்கப்பா" என்றார். அவர் இவ்வளவு மெல்லப் பேசி யாரும் கேட்டதில்லை. தூக்கியவர்கள் தோளில் பெட்டி இருந்தது. மற்றவர்கள் அதன் பின்னால் போனார்கள். அம்மா அவரைக் கடந்து இறங்கினாள்.

மூத்தவள் நின்றாள். அவர் கம்பத்தை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் குனிந்து அப்பாவின் நாற்காலியை எடுத்தாள். இருக்கையைத் தட்டி, மடக்கினாள். கீல் சத்தமே போடவில்லை. போன ஞாயிறுதான் அப்பா எண்ணெய் விட்டிருப்பார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.